மணியாச்சியில் இறங்காதவனுக்கு

மகன் வைகுண்டத்துக்கு, அப்பா வாயால் சொல்லி எழுதுவித்தது.

சென்னைப்பட்டணத்துக் கடலில் ஜெர்மன்காரன் கப்பல் வந்து நின்று குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததே, அந்த வருஷம்தான் உன் அம்மா செத்தாள். திருநெல்வேலியில் கலகம் நடந்து தீ வைத்தார்களே, அது அதற்கு முந்தி. விடிகாலையில் வால்நட்சத்திரம் தெரிந்ததும் முந்திதான். விஷக்காய்ச்சல் வந்து தெருவில் பாதி வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போனது பிந்தி, போன வருஷம். எனக்குத் தேதி தெரியாது. எது எதற்கு முந்தி, எது எதற்குப் பிந்தி என்பது மட்டும் மாறாமல் இருக்கிறது. நீ வேலை பார்க்கிற பட்டணத்தில் குண்டு விழுந்த சேதி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தபோது உன் அம்மா கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "சத்தம் கேட்டு எல்லாரும் ஓடுவா. எம்புள்ள எதக் கேட்டு ஓடுவான்?" நீ நலமாக இருப்பதாகக் கார்டு வரும்வரை அவள் சோற்றைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். கார்டு வந்தது. வந்து ஒரு மாதம் போவதற்குள் அவளுக்கு வாதம் அடித்தது.

இதை எழுதுவது மேலப்பாளையத்து ராவுத்தர். துணி மூட்டையோடு நம் தெருவுக்கு வருவாரே, அவர்தான். உன் அண்ணன் வாய்க்காலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவரை உட்கார வைத்திருக்கிறேன். அண்ணனுக்குத் தெரிந்தால் எழுத விடமாட்டான். "அவனா வந்து கேக்கட்டும்ப்பா, கையால சொல்ல வேண்டியதக் கடுதாசில சொல்லப்புடாது" என்பான். நானும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்தேன். உன் அம்மா கையால் சொன்ன ஒன்றை இன்னொருவர் மையில் தொட்டு எழுதுவதா என்று மனசு ஒப்பவில்லை. இப்போது ஒப்பாமல் முடியாது.

உன் கார்டு வந்தது. தபால்காரர் வாசித்துச் சொன்னார். தையில் கல்யாணம், பெண் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்தவள், அவளுக்கும் காது கேட்காது என்றார். நல்லது ஐயா. உன் மொழி தெரிந்தவளை நீயே பார்த்துக்கொண்டாய், நாங்கள் தேடியிருந்தால் அது நடந்திருக்காது. வாசித்து முடித்தபின் கார்டை வாங்கி வழக்கம்போல 'அப்பா' என்கிற எழுத்தை நானே தேடினேன். உனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். இந்தத் தடவை அகப்படவில்லை. கார்டு முழுக்கப் பனி விழுந்த மாதிரி இருந்தது. வைத்தியர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திட்டு வே. இனி வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது உன் கைதான். நான் கையால் சொல்வதை நீ பார்ப்பாய். நீ கையால் சொல்வதை நான் பார்க்க முடியாது. நமக்குள் ஓடின தண்ணீரில் ஒரு பக்கம் அடைபட்டுவிட்டது.

அந்தக் கைப்பேச்சு எங்கிருந்து வந்தது என்று உன் பெண்டாட்டி கேட்டால் நீ சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையில் நடந்தது, உனக்கே முழுக்கத் தெரியாது. நான் மடை திறந்து அடைக்கிற வேலைக்காரன். வெள்ளம் இறங்கும் நாளில் அணைக்கட்டின் மேல் நின்றால் ஊரே செவிடுதான். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. இக்கரையில் நான், அக்கரையில் இசக்கி மாமா. இரண்டு கையையும் ஏந்தித் தூக்கினால் மடையைத் திற. உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் அடை. விரலை விரித்துக் காட்டினால் சாண் அளவு. நெஞ்சுக்குக் குறுக்கே கையை வெட்டினால் ஆள் இறங்காதே. இதெல்லாம் என் அப்பன் காலத்திலிருந்து மடைக்காரர்கள் வைத்திருந்த அடையாளம். உனக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு நாங்கள் என்னென்னவோ எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், கோவிலுக்கு நேர்ந்துகொண்டோம். அதற்கு நடுவில் ஒரு நாள் நீ என்னோடு அணைக்கட்டுக்கு வந்தாய். நான் அக்கரைக்குக் கை காட்ட, அங்கிருந்து இசக்கி கை காட்ட, நீ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து, அம்மா உனக்குச் சோறு போட்டபோது உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினாய். போதும், அடை. உன் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அதுதான் நீ அவளிடம் பேசின முதல் பேச்சு.

பிறகு நீயே வளர்த்தாய். ஒவ்வொருவருக்கும் நீயே பெயர் வைத்தாய். அம்மாவுக்கு மூக்குத்தியைத் தொடுவது. எனக்கு மடைப்பலகையைத் தூக்குகிற மாதிரி இரண்டு முட்டியையும் உயர்த்துவது. அக்கா உலகம்மைக்குப் பின்னலை இழுப்பது. இசக்கி மாமாவுக்கு வெற்றிலையை மடிப்பது. அண்ணன் உன்னை எப்போதும் பின்னால் வந்து இடது தோளில் இரண்டு விரலால் தட்டித்தான் கூப்பிடுவான், அதனால் அவனுக்கு அதுவே பெயர். உனக்குப் பெயர் வைத்தது அம்மா. சிரித்தால் கன்னத்தில் விழும் குழியில் விரலை வைத்தாள். எங்கள் ஐந்து பேருக்கும் உனக்குமாக அந்த மொழி. தெருவில், "மடைக்காரன் வீட்டுல எல்லாரும் கொசு அடிக்கா பாரு" என்று சிரிப்பார்கள். உலகம்மை அவர்களைப் பார்த்து ஒரு கை காட்டுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ராவுத்தருக்குச் சொல்ல மாட்டேன்.

செங்கோட்டைக்கு மேலே மலையைக் குடைந்து ரயில் விட்டார்களே, அந்தச் சமயத்தில் உன்னைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டேன். காது கேளாத பிள்ளைகளுக்கு என்றே அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஆழ்வார்திருநகரிக்கு வந்த ஒரு வாத்தியார் சொன்னார். முதல் விடுமுறைக்கு வந்தபோது உன் கழுத்தில் சிலேட்டு தொங்கியது. ஏதோ எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினாய். நான் படம் என்று நினைத்து, வாழைக்குலையா, மாட்டு வண்டியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ என் நெஞ்சில் விரலை வைத்தாய். பிறகு சிலேட்டில் வைத்தாய். அப்புறம்தான் அது நான் என்று விளங்கியது. கணக்கப்பிள்ளை, ஸ்டேஷன் மாஸ்டர், கோவில் ஐயர் என்று எழுத்துத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் நீ சிலேட்டில் பேச ஆரம்பித்தாய். எனக்குப் பெருமைதான். ஆனால் உன் பேச்சு பெருகப் பெருக, நம் வீட்டுக்குள் வரும் பங்கு குறைந்துகொண்டே போனது. நீ அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கப் பட்டணம் போன பிறகு கார்டுகள்தான். கார்டில் உன் கை இல்லை. நலம், நலமறிய ஆவல் என்றால் அது யார் வேண்டுமானாலும் எழுதுவது.

நீ பட்டணத்திலிருந்து வரும்போதெல்லாம் மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். அங்கே இறங்காவிட்டால் ரயில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விடும். போர்ட்டர் கத்துவது உனக்குக் கேட்காது. பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும், நீ வாசிப்பாய் என்று நான் சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. "உக்காந்துக்கிட்டே ரெண்டு நாளு வருதான், கண்ணசந்தா என்ன பண்ணுவான்?" என்று ஒவ்வொரு தடவையும் மாட்டைப் பூட்டிக்கொண்டு மணியாச்சிக்கே வந்துவிடுவான். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, தூங்கும் உன் தோளைத் தட்டி எழுப்பி, வண்டியில் ஏற்றி நேரே வீட்டுக்குக் கூட்டி வருவான். அதனால் உனக்கு ஒரு பழக்கம் விழுந்தது. மணியாச்சி நெருங்குகிறதா என்று நீ பார்ப்பதே இல்லை. அண்ணன் தட்டுவான் என்று தூங்கிவிடுவாய். இப்படி ஒரு தவறு வேறு எந்த வீட்டிலும் நடக்காது. எங்கள் அன்பிலேயே அது வளர்ந்தது.

இனிச் சொல்லப்போவதை நிறுத்தாமல் வாசி.

அம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாயும் கோணி, பேச்சு போய்விட்டது. வைத்தியர் வந்து, "பேச்சு திரும்பாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் முதுகு திரும்பியதும் அவள் இடது கையைத் தூக்கி மூக்கைச் சுளித்து, 'இந்த ஆளை அனுப்பு' என்று காட்டினாள். உலகம்மை அழுதுகொண்டே சிரித்தாள். உனக்காக நாங்கள் கற்ற மொழி அவளுக்கு ஆயிற்று. மிச்சமிருந்த ஒரு கையால் கஞ்சி கேட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள், கன்னத்தில் விரலை வைத்து வைத்து உன்னைக் கேட்டாள். ஊரில் வேறு எந்த வீட்டிலாவது அவள் விழுந்திருந்தால் அந்த நாட்களில் கட்டையைப்போலத்தான் கிடந்திருப்பாள்.

அண்ணன் தந்தி கொடுத்தான். எந்த ரயிலில் வருவாய் என்று கணக்கிட்டு, அன்று காலை மழைக்குள் மாட்டைப் பூட்டினான். போகும் முன்னால் அவளிடம் சொல்ல வந்தான். தோளைத் தட்டினான், கன்னத்தைத் தொட்டான், ரயில் என்று கையை உருட்டினான். நான் போய்த் தம்பியைக் கூட்டி வருகிறேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

விடவில்லை. அவன் மெல்ல விரலைப் பிரித்தான், அவள் இறுக்கினாள். "கையப் பைய எடுலே, நேரமாவுது" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உதறிட்டுப் போவச் சொல்லுதியளாப்பா?" என்றான். இசக்கி மாமா அணைக்கட்டை விட்டு வர முடியாது, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. நானே போகிறேன் என்று எழுந்தேன். அப்போதே தூரப்பார்வை மங்கியிருந்தது, வாசலில் நின்ற மாடு எனக்கு ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து உன்னைக் கண்டுபிடிக்க அந்தக் கண் உதவாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்றை நீ கவனிக்க வேண்டும். அவளுக்குப் பேச இருந்தது அந்த ஒரு கை. அந்தக் கையால்தான் அவனைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த நேரமெல்லாம் அவள் ஊமை. எதற்காகப் பிடித்தாள் என்று எங்களால் கேட்கவும் முடியவில்லை, அவளால் சொல்லவும் முடியவில்லை. பயமா, வலியா, ஒரு பிள்ளையாவது பக்கத்தில் இருக்கட்டும் என்பதா. ரயில் மணியாச்சியைத் தாண்டுகிற நேரம் தாண்டிப் போயிற்று. அண்ணன் கூரையில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உச்சி சாய்ந்த பிறகு அவளாகவே விட்டாள். கை கொஞ்ச நேரம் பாயில் கிடந்தது. பிறகு தூக்கி, கன்னத்தில் விரலை வைத்தாள். அப்புறம் தன் தலையில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "என்னலே சொல்லுதா?" என்று கேட்டேன். அண்ணன் சொன்னான்: "தம்பி நனஞ்சுக்கிட்டு வருவானாம். தலையத் துவட்டிவிடச் சொல்லுதா." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கை எழும்பவில்லை.

இந்த இடத்தில் ராவுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வே, இத்தன வருசமா இத உள்ளயா வச்சிருந்தீரு?" என்கிறார். எழுதும் ராவுத்தரே என்றேன். "எழுதுதேன், எழுதுதேன். மை காயட்டும்" என்கிறார். மை காய்வதற்கு இத்தனை நேரம் ஆகாது என்று எழுத்துத் தெரியாத எனக்கே தெரிகிறது.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பதுதான் நம் வழக்கம். அது அண்ணனுக்குத் தெரியாதா? இரவு முழுக்க உன்னை எதிர்பார்த்து அவளைக் கிடத்தியிருந்தோம். விடிந்ததும் ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. அந்த நிறம் வந்தால் மேலே மலையில் பெய்த வெள்ளம் பின்னாலேயே வருகிறது என்று மடைக்காரன் பிள்ளை நீ அறிவாய். மத்தியானத்துக்குள் சுடுகாடு முங்கிவிடும் என்று இசக்கி வந்து சொன்னான். அண்ணன் வண்டித்தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் நான்தான் கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினேன். அவன் கொள்ளி வைத்தான். எலும்பு பொறுக்குவதற்குள் ஆறு வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

நீ பிற்பகலில் வந்தாய். தூத்துக்குடி ஸ்டேஷன் வாசலில் வண்டிக்காரர்களிடம் சிலேட்டை நீட்டியதையும், வாசிக்கத் தெரியாத அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததையும், மழையில் எழுத்து அழிந்ததையும் நீ எனக்குக் கையால் சொன்னாய். பிறகு அண்ணனைப் பார்த்து, தோளைத் தட்டி, மணியாச்சி, இல்லை, இல்லை என்று காட்டினாய். கொள்ளிக்கு ஆசைப்பட்டுத்தான் அவன் வரவில்லை என்று காட்டினாய். அவன் உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து உன் தலையைத் துவட்டப் போனான். நீ அதைத் தட்டிவிட்டாய். சேற்றில் விழுந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

சின்ன வயதிலிருந்தே உன் கோபம் அது. வாயுள்ளவன் கத்துவான், கதவை அடைப்பான். நீ கண்ணை மூடுவாய். மூடினால் உன்னிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அன்று நீ சுவரில் சாய்ந்து கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாய். உன் எதிரே அண்ணன் குத்த வைத்து உட்கார்ந்து, அந்தச் சேற்றுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடின கண்ணுக்கு முன்னால் கையால் பேசினான். மூக்குத்தி. மணிக்கட்டு. கன்னம். தலை. திரும்பத் திரும்ப அதையே. உலகம்மை உன்னை உலுக்கினாள். நீ திறக்கவில்லை. மறுநாள் எங்கள் முகம் பார்க்காமல் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கம் வரவே இல்லை.

நீ தட்டிவிட்டது அண்ணன் கையை என்று நினைத்திருந்தாய். அது உன் அம்மா கடைசியாகச் சொன்ன சொல். உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை ஐயா. தெரியாமல் செய்தாய். தெரியாமலேயே நீ கிழவனாகிவிடக் கூடாது என்றுதான்.

புதுக் குடித்தனத்துக்கு உனக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். சண்டை வரும், வராமல் இராது. எவ்வளவு கோபம் வந்தாலும் அவள் கை பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடாதே. அவளும் மூடக் கூடாது. உங்கள் இருவருக்கும் கண்தான் காது. இரண்டு பேரும் மூடிக்கொண்டால் அந்த வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் பார்த்து விளக்கை அணைத்துவிட்டுப் பேச்சை நாளைக்கு வைக்காதே. பேசி முடித்துவிட்டு அணை. பிள்ளை பிறந்து அதற்குக் காது கேட்டால், அதற்கும் உங்கள் கையைக் கொடு. காது கேட்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிடாதே.

அவளைக் கூட்டிக்கொண்டு வா. எந்த ரயில் என்று கார்டு போடு. நீ வந்தால் உன் கையை என் உள்ளங்கைக்குள் வை. விளக்கில்லாத நேரத்தில் சின்னப் பிள்ளையாக என் கைக்குள் கையை விட்டுப் பசி, தண்ணி என்று சொல்வாயே, அதைப்போல. அந்த அளவுக்கு எனக்கு விளங்கும். ஆனால் அதற்கு மேல் நீ சொல்ல நினைப்பதெல்லாம் எனக்கு வந்து சேர, உன் கையைப் பார்த்து என் காதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சிலேட்டில் நீ எழுதினால் வாசிக்க ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். நம் கையை வாசிக்க அப்படி இல்லை. உன் அம்மா போய்விட்டாள். போன வருஷக் காய்ச்சலில் உலகம்மை ஒரே வாரத்தில் போனாள். கார்டில் அதைப் படித்தும் நீ வரவில்லை. அவளைத் தூக்கிப்போன இசக்கி மாமா அடுத்த வாரம் போனான். எனக்குக் கண் போய்விட்டது, என்னைக் கணக்கில் சேர்க்காதே. இனி இந்த உலகத்தில் உன் கன்னத்துக் குழியைத் தொட்டால் அது நீ என்று தெரிந்தவன், பார்க்கக் கண்ணும் சொல்ல வாயும் உள்ளவன், ஒருவன்தான் உயிரோடு இருக்கிறான். நீ கார்டு போட்டால் அன்று காலை மாட்டைப் பூட்டிவிடுவான். நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் பெயரை ராவுத்தர் எழுத்தில் எழுதுவார். நீ அதை எழுத்தாக மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைக்காதே. இரண்டு விரலை எடுத்து உன் இடது தோளில் தட்டிக்கொள். உன் அண்ணன், சுடலைமுத்து.